மூன்றாம் வார்த்தை

மார்ச் 30, 2025, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், பெரிய வெள்ளிக்கான பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகள், பேச ஏழு பேர். மூன்றாவதற்கு நேரே என் பெயர். "அதோ, உன் மகன், அதோ, உன் தாய்." எங்கள் சபையில் பெண்களுக்கு என்றால் எப்போதும் அந்த வார்த்தைதான். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஒருவர் எழுந்து அதைத்தான் பேசினார். அதில் தாய் வருகிறாள், அதனால்.

செயலரிடம் போய், நாலாவதைத் தரமுடியுமா என்று கேட்டேன். "ஏன் என்னைக் கைவிட்டீர்." வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினேழு நாளும் என் வாயில் இருந்த வார்த்தை அது. சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. அவர் தயங்கி, "அது கொஞ்சம் ஆழமான வார்த்தை டீச்சர்" என்றார். நல்ல மனிதர், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

ஏப்ரல் 2, புதன்

பரணில் ஏறி அப்பத்தாவின் பையை எடுத்தேன். காடாத் துணிப் பை. கைப்பிடி அறுந்து அறுந்து மூன்று தடவை தைத்திருக்கிறாள்; மூன்றும் மூன்று நிற நூல். உள்ளே கண்ணாடிக் கூடு, ஓரம் மழுங்கிப்போன புதிய ஏற்பாடு.

அப்பத்தா மிஷனில் பைபிள் உமனாக இருந்தவள். ஊரில் பைபிள்காரம்மா என்பார்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் எல்லாம் நடைதான். போதகர்கள் போனால் முகப்புத் திண்ணையோடு சரி. அப்பத்தா வளவைத் தாண்டி இரண்டாம் கட்டுவரை போவாள். மத்தியானம் ஆச்சிமார் ஆத்தங்குடிக் கல் தரையில் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருப்பார்கள். இவளும் ஒரு முறத்தை இழுத்து வைத்து ஆய்ந்துகொண்டே கதை சொல்வாளாம், கிணற்றடிச் சமாரியப் பெண்ணின் கதை. எழுத்துத் தெரியாத ஆச்சிகளுக்குப் பர்மாக் கடுதாசியும் வாசித்துக் காட்டுவாள். யாரும் மதம் மாறினார்களா என்று சின்ன வயதில் கேட்டேன். "மூணு பிள்ளைக எழுத்துக் கூட்டி வாசிக்கப் படிச்சுது" என்றாள்.

கோயிலில் அவள் ஒருநாளும் பேசியதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

என் கொழுந்தனார் சாப்பிட வந்தார். பட்டியல் பேச்சு வந்ததும் நான் எதிர்பார்த்த, அப்போஸ்தலர் பவுல் எழுதின வசனத்தையே எடுத்தார்: "உபதேசம்பண்ணவும், புருஷன்மேல் அதிகாரம் செலுத்தவும், ஸ்திரீயானவளுக்கு நான் உத்தரவு கொடுக்கிறதில்லை." அப்புறம், சபைகளில் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள் என்று கொரிந்தியருக்கு எழுதினது. நான் மறுக்கவில்லை, வசனம் இருக்கிறது. ஆனால் அதே கடிதத்தின் பதினோராம் அதிகாரத்தில், ஜெபம்பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் பெண் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்கிறார் பவுல். வாயே திறக்கக் கூடாது என்றால் முக்காடு எதற்கு?

ரோமர் 16-ஐயும் விரித்துக் காட்டினேன். கெங்கிரேயா ஊர்ச் சபைக்கு "ஊழியக்காரி" பெபேயாள். "பவுல் யார்? அப்பொல்லோ யார்?" என்று கேட்டு, "ஊழியக்காரர்தானே" என்று அவரே பதில் சொல்கிற இடமும் உண்டு. கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான். நம் தமிழ் வேதாகமமும் இரண்டு இடத்திலும் அதே சொல்லைப் போட்டிருக்கிறது. இத்தனை வருடம் வாசித்தும் நான் இதைக் கவனிக்கவில்லை. பிரசங்கியான அந்த அப்பொல்லோவையே வீட்டில் சேர்த்துக்கொண்டு தேவனுடைய மார்க்கத்தை விவரித்துச் சொன்னவர்களில் ஒருத்தி பிரிஸ்கில்லாள்.

நம்மூர்ப் பக்கமே வருவோம். பாளையங்கோட்டை கிளாரிந்தா அம்மாள் 1778-இல் ஞானஸ்நானம் பெற்றவர், பிராமண விதவை. அவர் கட்டின ஆலயத்தை இன்றைக்கும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்கிறார்கள். நம் தென்னிந்தியத் திருச்சபை ஆரம்பித்தது 1947. எலிசபெத் பால் ஆயராகக் குருப்பட்டம் பெற்றது 1976. நந்தியாலில் புஷ்பலலிதா பேராயரானது 2013. பேராயராகவே ஒரு பெண் வந்துவிட்ட சபையில் எனக்கு நாலாம் வார்த்தை ஆழம் என்கிறார்கள்!

கொழுந்தனார் ரசத்தை ஊற்றிக்கொண்டு, "நீங்க சொன்னா சரிதான் மதினி, ஆனா ஊர் ஒத்துக்கணுமே" என்றார்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

வெயில். பவனி சீக்கிரமே முடிந்தது. பட்டியல் மாறவில்லை. சரி, மூன்றாவதையே நன்றாகத் தயார் செய்வோம்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

எங்கள் ஆயருக்கு இன்று வேறு இரண்டு ஊரில் ஆராதனை. அதனால் இங்கே திருவிருந்து நடத்த மதுரையிலிருந்து ஒரு ஆயர் வந்தார், பெண். அரசரடி இறையியல் கல்லூரியில் படித்தவராம். வந்ததுமே குழப்பம், எப்படிக் கூப்பிடுவது என்று. ஆயரம்மா என்றால் இங்கே ஆயரின் மனைவி என்றுதான் அர்த்தம். நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று நேரே அவரிடமே போய்க் கேட்டுவிட்டது. "ஆயர்னே கூப்பிடும்மா" என்றார்.

சேலைக்கு மேல் வெள்ளை அங்கி. அப்பத்தைப் பிட்கும்போது அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் ஓரத்தில் அரிவாள்மனை வெட்டின தழும்பு. எனக்கும் அதே இடத்தில் ஒன்று உண்டு. ஐம்பத்தெட்டு வருடமாகத் திருவிருந்து மேசைக்கு இந்தப் பக்கம் மட்டுமே என் போன்ற கைகளைப் பார்த்திருக்கிறேன். முழங்கால் போட்டவள் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பெரியவர்கள் இரண்டு பேர் முன்னால் வரவில்லை. மற்ற எல்லாரும் வந்தார்கள். கொழுந்தனார் கடைசி வரிசையிலிருந்து வந்தார்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

பெண்கள் எப்போதும் கீழே, வேதம் வாசிக்கிற மேசையருகில் நின்றுதான் பேசுவோம். பிரசங்க பீடத்தில் ஏறக் கூடாது என்று எந்தச் சட்டமும் கிடையாது, பழக்கம் அவ்வளவுதான். இன்று நான் ஏறினேன். நாலு படி. மைக்கை இறக்க வேண்டியிருந்தது.

யோவான் 19:25-ஐ வாசித்துவிட்டு, தாய்ப்பாசத்தைத் தள்ளிவைத்து, சிலுவையருகே நின்றவர்கள் யார் யார் என்று மட்டும் கேட்டேன். இயேசுவின் தாய், தாயின் சகோதரி, கிலெயோப்பா மரியாள், மகதலேனா மரியாள். சீஷர்களில் ஒரே ஒருவர். சாவைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்காதா என்று கேட்டேன். அந்த இடத்திலேயே பதினேழு நாளையும் சொன்னேன். பன்னிரண்டு நிமிடம். நாலாம் வார்த்தைக்காரர் எனக்குப் பின் ஏறி, "டீச்சர் பாதியைச் சொல்லிட்டாங்க" என்று ஆரம்பித்தார்.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு

விடியற்காலை ஐந்து மணி ஆராதனை. யோவான் 20-ஐ அந்த நாலாம் வகுப்புப் பிள்ளை வாசித்தது. "நீ என் சகோதரரிடத்திற்குப் போய்" என்று இயேசு மரியாளை அனுப்புகிற இடத்தில் தடுமாறி, மறுபடி முதலிலிருந்து சத்தமாக வாசித்தது.

செயலர் அடுத்த வருடத்துக்கு என்று எதுவும் சொல்லவில்லை. நான் கேட்பேன்.

புதன்கிழமை பள்ளத்தூரில் வீட்டு ஜெபக்கூட்டம், செய்தி நான்தான். அப்பத்தாவின் பையைத் துவைத்துக் காயப் போட்டிருக்கிறேன். கைப்பிடி மறுபடி விட்டிருக்கிறது. வீட்டில் இருப்பது பச்சை நூல்தான், பரவாயில்லை.