சாயப்பட்டறைக்குப் போன சம்பளப் பட்டியல்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். போன வருஷம் ஒரு சம்பள நாள். காலை பதினொரு மணிக்கு, எங்கள் துணிக்குச் சாயம் போட்டுத் தரும் பட்டறை மேனேஜரிடமிருந்து போன். "ஏனுங்க, உங்க கம்பெனி சம்பள லிஸ்ட் எனக்கு வந்திருக்குதுங்களே?"

அடிவயிறு கலங்கிவிட்டது. ஆடிட்டருக்குப் போக வேண்டிய எக்செல் அது. கட்டிங் மாஸ்டரிலிருந்து செக்கிங் பெண்கள் வரை 38 பேரின் சம்பளம், அட்வான்ஸ், பிடித்தம் எல்லாம் அதில் இருக்கிறது. முதலாளியிடம் ஓடினேன். "மெயிலை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க போலிருக்குங்க" என்றுதான் வாயில் வந்தது.

ஏற்றுமதித் தொழிலில் அதைச் சும்மா சொல்லிவிட முடியாது. மெயிலுக்குள் புகுந்த திருடன் சத்தமே காட்டாமல் வாரக்கணக்கில் படித்துக்கொண்டிருப்பான். சரக்கு கப்பலேறி, பணம் வரப்போகிற நேரம் பார்த்து, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று நம்மிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கு எழுதுவான். நம் முகவரியில் 'எம்' இருக்கிற இடத்தில் ஆங்கில 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிப் போட்டு இன்னொரு முகவரி தயார் செய்தால் போதும், யார் கண்ணுக்கும் தெரியாது. முதலாளி பாதி காபியை அப்படியே வைத்துவிட்டு பையர்களுக்குப் போன் போட ஆரம்பித்தார். ஜெர்மனியில் அப்போது விடிந்தும் விடியாத நேரம்.

கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பி வந்தான். ஜிமெயில் பக்கத்தின் அடியில், வலது ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு இணைப்பு இருக்கிறது. இத்தனை வருஷத்தில் நான் அதைத் தொட்டதே இல்லை. அதைத் திறந்தால், கணக்குக்குள் கடைசியாக எங்கிருந்து, எத்தனை மணிக்கு நுழைந்தார்கள் என்று வரிசையாக வருகிறது. எல்லாமே எங்கள் ஆபீஸும் என் செல்போனும்தான். அப்புறம் ஃபார்வர்டிங்கைப் பார்த்தான். திருடன் அதில் தன் முகவரியைப் போட்டு வைத்திருந்தால், பாஸ்வேர்டை மாற்றினாலும் மெயில் அவனுக்குப் போய்க்கொண்டே இருக்குமாம். அங்கேயும் ஒன்றும் இல்லை.

கடைசியில் 'அனுப்பியவை'யைத் திறந்தான். 10:42. நான் அனுப்பியதுதான். ஆடிட்டர் பெயரும் பட்டறை மேனேஜர் பெயரும் ஒன்று, இனிஷியல்தான் வேறு. மூன்று எழுத்து அடித்ததும் பட்டறைக்காரர் முகவரி மேலே வந்து நின்றிருக்கிறது. தினமும் சாய பில்லுக்காக அவரோடுதானே மல்லுக்கட்டுகிறேன். நான் பாட்டுக்கு எண்டரைத் தட்டியிருக்கிறேன்.

"திருடன் வந்திருந்தா சம்பள லிஸ்ட்டை சாயப்பட்டறைக்கா அனுப்புவான், அண்ணா?" என்றான் தம்பி.

முதலாளி அதற்குள் மூன்று பையர்களை எழுப்பியிருந்தார். நான் போய்ச் சொன்னதும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "சரி, அவங்களுக்கு மறுபடியும் போன் போட்டு நீயே சொல்லு" என்றார். என் ஆங்கிலத்தில் அந்த மூன்று போன்களையும் பேசி முடித்தது தனிக் கதை.

தம்பி போகும் முன், அனுப்பிய மெயிலை நிறுத்துகிற நேரத்தை ஐந்து நொடியிலிருந்து முப்பது நொடியாக்கி வைத்தான். அதற்கு மேல் இடமில்லையாம். மானிட்டரில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டுச் சீட்டையும் கிழித்துப் போட்டான்.

பட்டறை மேனேஜர், "அப்பவே அழிச்சுட்டனுங்க, திறந்துகூடப் பார்க்கலீங்க" என்று சத்தியம் செய்தார். நானும் நம்பினேன். அடுத்த மாதம் சாய ரேட் பேச வந்து உட்கார்ந்தவர், டீயை உறிஞ்சிக்கொண்டே முதலாளியிடம் சொன்னார்: "கட்டிங் மாஸ்டருக்கே அவ்வளவு தர்றீங்க, எங்களுக்குக் கிலோவுக்கு ரெண்டு ரூபா ஏத்தித் தரக் கூடாதுங்களா?"