நாங்க ரெண்டும்தான்

1911 வரைக்கும் வட ஆற்காடு மாவட்டத்துக்குத் தலைநகரம், இப்போது ஆந்திராவில் இருக்கும் சித்தூர். பிறகுதான் வேலூர். அதனால் குடியாத்தம், காட்பாடிப் பக்கம் வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ் என்று வாழ்கிற குடும்பங்கள் ஏராளம். எங்களுடையதும் அதில் ஒன்று. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் உருதும் தமிழும். வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வரும் வங்காளிகளிடம் அவர்கள் மொழியிலேயே விலை சொல்கிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் அவ்வளவு பெருமை!

ஆனாலும் "நீங்க தமிழா, தெலுங்கா?" என்று கேட்கும்போது கோபம் வருகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட தாய்மொழியோடு தெரிந்த வேறு இரண்டு மொழிகளுக்கும் இடம் இருக்கிறது. அவ்வாவிடம், அதாவது பாட்டியிடம், கதை கேட்டது தெலுங்கில். படித்தது, காதலித்தது, சண்டை போட்டது எல்லாம் தமிழில். எதையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். என் மகளிடமும் இரண்டிலும்தான் பேசுகிறேன்.