பத்துப் புட்டி அரிசி மாவு

பார்சல் வந்த அன்று தஞ்சாவூரில் நல்ல மழை. அதற்குமுன் பதினெட்டு நாள் அது ஒரு விமான நிலையக் கிடங்கில் கிடந்தது. ‘அஃப்ளாடாக்சின் கலந்த அரிசி மாவு’ என்று பெட்டியில் எழுதியிருந்ததுதான் வினை. நஞ்சா, உணவா, விலை என்ன என்று கேள்விமேல் கேள்வி. ‘ஆய்வுக்கு மட்டும், உண்பதற்கு அல்ல, விற்பனை மதிப்பு இல்லை’ என்று நான்கு முறை கடிதம் எழுதினோம். இந்த வேலையில் இறங்க நினைப்பவர்கள், பெட்டி அங்கிருந்து கிளம்பும் முன்பே அந்தக் கடிதத்தை அனுப்பி, ஒரு நகலைப் பெட்டியின்மேல் ஒட்டச் சொல்லிவிடுங்கள்.

அரிசியில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சை அளக்க ஐரோப்பிய ஆய்வகம் ஒன்று ஒரு முறையை வகுத்திருந்தது. அவர்கள் கையில் சரியாக வருகிறது. மற்றவர் கையிலும் வருமா? அதைப் பார்க்கப் பல நாட்டு ஆய்வகங்களுக்கு ஒரே மாவைப் பிரித்து அனுப்பினார்கள். எங்களுடையது சின்ன ஆய்வகம், கேட்டதும் ஒப்புக்கொண்டோம். இத்தகைய கூட்டாய்வில் குறைந்தது எட்டு ஆய்வகங்கள், ஐந்து வகை மாதிரிகள் வேண்டும் என்பது பன்னாட்டு அமைப்புகள் 1980-களிலேயே ஒத்துக்கொண்ட கணக்கு. யோசனை அதைவிடப் பழையது. அமெரிக்காவில் 1884-இல் வேளாண் வேதியியலாளர்கள் சங்கம் அமைத்ததே, உரத்தைச் சோதித்த ஆய்வகங்கள் ஆளுக்கொரு எண் சொன்னதால்தான். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17-ஆ 18-ஆ என்று மல்லுக்கு நின்றவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். என் மாமனாரிடம் சொன்னபோது, “எட்டு மிஷினில் போட்டுப் பார்ப்பார்களா? இங்கே ஒன்றை எட்டு முறை தட்டுகிறார்கள்” என்றார்.

பெட்டியில் பத்துப் புட்டிகள், கூடவே பழகிப் பார்க்க அளவு தெரிந்த மாவு ஒரு புட்டி. பத்தும் உண்மையில் ஐந்து மாவுதான், ஒவ்வொன்றும் இரண்டிரண்டாக. எது எதற்கு இரட்டை என்று நமக்குச் சொல்லமாட்டார்கள். தெரிந்தால் கை தானாகவே இரண்டையும் ஒத்துப்போக வைத்துவிடும்.

பழகு மாவிலேயே அடி விழுந்தது. இருக்க வேண்டியதில் பாதியைச் சற்றுத் தாண்டித்தான் வந்தது. மெத்தனால் கலந்த நீரில் மாவைக் கலக்கி, வடிகட்டி, எதிர்ப்புரதம் ஏற்றிய சிறு குழாய் வழியாக இறக்க வேண்டும். நச்சு அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதைத் தூய மெத்தனாலில் கழற்றி, அளவைக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவியில் ஏற்றுவோம். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று குழாயின் அடியில் பம்பு போட்டு உறிஞ்சுவது எங்கள் வழக்கம். அனுப்பியவர்களின் தாளில் நொடிக்கு ஒரு சொட்டு என்று இருந்தது. எங்கள் வேகத்தில் நச்சு ஒட்டவே நேரமில்லாமல் வழிந்து போயிருக்கிறது. அப்படியானால் இத்தனை நாள் நாங்கள் கொடுத்த எண்கள்? அந்தக் கேள்வி எங்கள் சாரை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. மறுநாள் பம்பைக் கழற்றி வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டு எண்ணினோம். அளவு சரியாக வந்தது.

பதினைந்து வருட அனுபவம் இந்த வேலையில் தொல்லை. தாளில் ஒரு வரியைப் படித்ததும், இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியும் என்று தோன்றும். தெரிந்தாலும் செய்யக்கூடாது. சோதிக்கப்படுவது அந்த முறை, என் கைப்பக்குவம் அல்ல. ஒரு முறை ஓட்டியதை மறுபடி ஓட்டவும் கூடாது. நடுவில் மின்சாரம் போய் யு.பி.எஸ்.ஸில் ஓடியதைக்கூடக் குறிப்பாக எழுதி அனுப்பினேன். ஆறாம் புட்டி நினைத்ததைவிடக் குறைவாக வந்தபோது, உடன் வேலை செய்யும் பெண், “அக்கா, இன்னொரு தடவை பார்த்துவிடலாமே” என்றாள். எனக்கும் ஆசைதான். வந்ததையே எழுதினோம்.

ஏழு மாதம் கழித்து அறிக்கை வந்தது. ஆய்வகங்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும். அளவு குறையக் குறைய ஆய்வகங்களுக்கிடையே வேறுபாடு விரியும் என்று அமெரிக்க வேதியியலாளர் வில்லியம் ஹார்விட்ஸ் 1980-இல் காட்டினார். பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்றால் 16 சதவீத வேறுபாடு எதிர்பார்க்கத்தக்கது. இதை வரைந்தால் ஒரு பக்கம் விரிந்துகொண்டே போகும்; அந்தப் படத்தை எக்காளம் என்பார்கள். எனக்கென்னவோ நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்தின் விரிந்த அடிவாயான அணசுதான் நினைவுக்கு வந்தது. கிடைத்த வேறுபாடு எதிர்பார்த்ததைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டக்கூடாது. முறை தாண்டவில்லை, தேறிவிட்டது.

நாங்கள் முழுதாகத் தேறவில்லை. மூன்றும் எட்டும் ஒரே மாவு. மூன்றுக்கு கிலோவுக்கு 3.9 மைக்ரோகிராம் என்றும், எட்டுக்கு 6.4 என்றும் எழுதியிருந்தோம். இரட்டைகள் அளவுமீறி விலகுகின்றனவா என்று பார்க்கும் காக்ரன் சோதனையில் அந்த இணையைக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டார்கள். நேரடியாக உண்ணும் தானியத்தில், அஃப்ளாடாக்சினில் ஒரு வகையான பி1 நச்சுக்கு ஐரோப்பாவில் வரம்பே 2 மைக்ரோகிராம். எங்கள் இடைவெளி மட்டும் அதைவிடப் பெரியது.

குழாய், கரைசல், கருவி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பழுது எதிலும் இல்லை. கடைசியில் குறிப்பேட்டை எடுத்தேன். எடை போடும் முன், நச்சு மாவில் சீராகப் பரவ, புட்டியைக் கவிழ்த்து இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும்; குலுக்கியதும் கட்டத்தில் ஒரு குறி. சாப்பிட்டுவிட்டு வந்துதான் எட்டாம் புட்டியைத் திறந்திருக்கிறோம். ஒன்பது கட்டங்களில் என் கையால் போட்ட குறி இருந்தது. எட்டுக்கு நேரே கட்டம் காலி.