பெயர் பொறிக்காத பதக்கம் யாருடையது?

பிரிட்டிஷ் வணிகக் கப்பல் மாலுமி ஒருவரின் போர்ப் பதக்கங்கள் கையில் கிடைத்தால் முதலில் விளிம்பைப் பாருங்கள். பெயர் பொறித்திருந்தால் அநேகமாக முதல் உலகப் போர். ஒன்றுமே இல்லையென்றால் இரண்டாம் உலகப் போர்.

முதல் போரின் மெர்க்கன்டைல் மரைன் வார் மெடல் வெண்கலம், 36 மி.மீ. விட்டம். ஆபத்தான கடற்பகுதி வழியாக ஒரு பயணமாவது போயிருந்தால் கிடைக்கும். மொத்தம் 1,33,135 வழங்கப்பட்டன. நாடாவின் பச்சையும் சிவப்பும் கப்பலின் வலப்புற, இடப்புற விளக்குகள். நடுவே உள்ள மெல்லிய வெள்ளைக் கோடு கொடிமர விளக்கு. எவ்வளவு அழகான யோசனை! விளிம்பில் பெயர் மட்டும்தான் இருக்கும், கப்பலோ எண்ணோ இருக்காது. ஒரே பெயரில் பலர் இருப்பார்கள் என்பதால், லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பி.டி. 351 (பி.டி. என்பது ஆவணத் தொகுதியின் குறியீடு) அட்டைகளில் பிறந்த ஊரையும் ஆண்டையும் ஒத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் போரின் ‘ஸ்டார்’ எனப்படும் ஆறுமுனை நட்சத்திரப் பதக்கங்களில் அந்த வசதியும் இல்லை. அங்கே பதக்கத்தைவிடக் காகிதமே முக்கியம். 1939–45 ஸ்டாருக்கு 180 நாள் கடற்சேவையும் ஆபத்தான பகுதியில் ஒரு பயணமும் வேண்டும்; இரண்டாம் போரின் வார் மெடலுக்கு 28 நாள் போதும். மாலுமியின் கப்பல் சேவையைப் பதிந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில், கப்பலில் ஏறிய தேதி முதல் இறங்கிய தேதி வரை கூட்டுங்கள். இடையில் கரையில் இருந்த நாட்களைச் சேர்க்காதீர்கள்.

பலரும் தடுமாறுவது அடுத்த படியில். போர்க்காலப் பதிவுகளில் பயணம் எங்கே என்ற இடத்தில் பெரும்பாலும் ‘வெளிநாடு’ என்று மட்டுமே இருக்கும். அதை வைத்து அட்லாண்டிக் ஸ்டாரா, பர்மா ஸ்டாரா என்று சொல்ல முடியாது. கப்பல் பெயரை எடுத்துக்கொண்டு பி.டி. 389 கப்பல் நடமாட்ட அட்டைகளில் அதே தேதிகளைத் தேட வேண்டும். கடலில் பர்மா ஸ்டாருக்கு உரிய எல்லை வங்காள விரிகுடா. அதன் கோடு இலங்கையின் தென்முனையிலிருந்து 300 மைல் தெற்கே இறங்கி சுமத்ரா பக்கம் திரும்புகிறது.

ஒருவரின் பதக்கத் தொகுப்பே சில தவறுகளைக் காட்டிக்கொடுக்கும். அட்லாண்டிக் ஸ்டாரும் பிரான்ஸ் அண்ட் ஜெர்மனி ஸ்டாரும் ஒரே ஆளுக்குச் சேர்ந்து வராது. முதலில் பெற்ற நட்சத்திரத்தின் நாடாவில் மற்றதன் பெயருள்ள பட்டை மட்டும் ஏறும். பசிபிக், பர்மா ஸ்டார்களுக்கும் இதே விதி. இரண்டும் சேர்ந்திருந்தால் யாரோ பின்னால் கலந்திருக்கிறார்கள். டிஃபென்ஸ் மெடல் கடற்சேவைக்குக் கிடையாது. அது இருந்தால் அவர் கரையில் ஹோம் கார்டு (உள்நாட்டுக் காவல் படை) போன்ற வேலை செய்தாரா என்று பாருங்கள்.

பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்க்கவே கூடாது. தேய்ந்த முகப்பு திரும்பி வராது. பி.வி.சி. உறையும் வேண்டாம், நாளடைவில் உலோகத்தில் பச்சை பிடிக்கும். அமிலமில்லாத் தாளில் சுற்றி வையுங்கள். நாடா கிழிந்திருந்தாலும் தூக்கி எறியாதீர்கள்.

இந்தப் பதக்கங்கள் தாமாக வீடு தேடி வரவில்லை, மாலுமிதான் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. உயிரைப் பணயம் வைத்தவர்களில் எத்தனையோ பேர் கேட்கவே இல்லை. பி.டி. 395 பட்டியல், இரண்டாம் போர்ப் பதக்கங்களைக் கேட்டு வாங்கியவர்களுடையது. அதில் பெயர் இல்லையென்றால் தகுதி இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சேவைக்குச் சான்று இருந்தால், கார்டிஃபில் உள்ள கப்பல் மற்றும் மாலுமிகள் பதிவகத்துக்குக் குடும்பத்தினர் எழுதலாம்.