பழைய விண்டோஸ், வேறு மதர்போர்டு

சென்னை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகைக் கடை வைத்திருக்கும் என் மாமாவின் கம்ப்யூட்டரில் மதர்போர்டு போய்விட்டது. நான்காம் தலைமுறை இன்டெல் போர்டு. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் அதே மாதிரி பழைய போர்டு கிடைக்கும்தான், ஆனால் எவ்வளவு நாள் தாங்கும் என்று விற்பவரே சொல்ல மாட்டார். பேசாமல் அங்கேயே பன்னிரண்டாம் தலைமுறை பிராண்டட் சிஸ்டம் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கிவிட்டோம்.

புதிதாக விண்டோஸ் போட்டுவிட்டால் ஆயிற்றே என்பீர்கள். மாமாவின் பிழைப்பே 2001-இல் வந்த பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேரில்தான் ஓடுகிறது. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட்டுகள், அவற்றுக்கான கீபோர்டு சாஃப்ட்வேர், எல்லாம் எப்போதோ யாரோ போட்டுக் கொடுத்தவை. சிடி எங்கே என்று கேட்டால் பரணைக் காட்டுவார். நல்லவேளையாக, விண்டோஸ் 10-இன் கன்ட்ரோல் பேனலில் இருக்கும் ‘பேக்கப் அண்ட் ரீஸ்டோர்’ மூலம் எடுத்த முழு சிஸ்டம் இமேஜ் (விண்டோஸ், சாஃப்ட்வேர், ஃபைல் எல்லாம் சேர்ந்த அச்சு அசல் நகல்) எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருந்தது.

ஆனால் விண்டோஸின் சொந்த ரீஸ்டோர் இங்கே உதவாது. பழைய மெஷின் பயாஸ் என்ற பழைய முறையில் பூட் ஆனது, புதியதில் அதற்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ முறை மட்டும். இரண்டும் வேறு என்றால் இமேஜை ஏற்காது. பழையது 1 டிபி ஹார்டு டிஸ்க், புதியது 500 ஜிபி என்விஎம்இ, அதாவது மதர்போர்டிலேயே செருகும் வேகமான எஸ்எஸ்டி. உள்ளே இருக்கும் டேட்டா கொஞ்சம்தான் என்றாலும், டிஸ்க் பழையதைவிடச் சிறியது என்றால் அதற்கும் மறுத்துவிடும்.

“என்னடா, வருமா வராதா? முகூர்த்த நாள் நெருங்குது” என்று மாமா பின்னால் நின்றுகொண்டே இருந்தார். “வரும் மாமா, நீங்க கடையைப் பாருங்க” என்று அனுப்பி வைத்தேன்.

அந்த இமேஜ் ஒன்றும் மர்மமான பொருள் இல்லை. ‘விண்டோஸ் இமேஜ் பேக்கப்’ ஃபோல்டருக்குள் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் ஒரு விஎச்டிஎக்ஸ் ஃபைல் இருக்கும், ஒரு டிஸ்க்கையே ஃபைலாக்கி வைத்தது போல. பெரியதை என் லேப்டாப்பில் ரீட் ஒன்லியாக (படிக்க மட்டும்) மவுன்ட் செய்தேன், பழைய சி டிரைவ் அப்படியே திறந்தது. மாமாவின் டிசைன்களை முதலில் தனியாக ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். இதற்குப் பிறகு எது சொதப்பினாலும் வியாபாரம் போகாது. அப்புறம் விண்டோஸிலேயே இருக்கும் டிஸம் கட்டளையால் அந்த டிரைவை ஒரு விம் ஃபைலாக மாற்றினேன். விம் என்பது டிஸ்க்கின் அளவைப் பார்க்காமல் ஃபைல்களை மட்டும் கட்டி வைக்கும் மூட்டை.

புது மெஷினை விண்டோஸ் 10 இன்ஸ்டாலேஷன் பென் டிரைவில் பூட் செய்து, ஷிஃப்ட் எஃப்10 அழுத்திக் கமாண்ட் பிராம்ப்ட்டுக்குப் போனால், டிஸ்க்கைப் பிரிக்கும் டிஸ்க்பார்ட் கட்டளையில் உள்ளே இருக்கும் டிஸ்க்கே தெரியவில்லை. காரணம் இன்டெல்லின் விஎம்டி. இது டிஸ்க்கைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளும், அதற்கான டிரைவர் இல்லாவிட்டால் டிஸ்க் தெரியாது. யூஇஎஃப்ஐ செட்டிங்கில் அதை அணைத்ததும் டிஸ்க் தெரிந்தது. யூஇஎஃப்ஐ-க்குத் தேவையான ஜிபிடி முறையில், பூட் ஃபைல்களுக்கான இஎஃப்ஐ பார்ட்டிஷன், விண்டோஸ் தனக்கென ஒதுக்கும் எம்எஸ்ஆர், விண்டோஸ் பார்ட்டிஷன் மூன்றையும் உருவாக்கி, டிஸம் மூலம் விம் ஃபைலை இறக்கி, பிசிடிபூட் கட்டளையால் யூஇஎஃப்ஐ பூட் ஃபைல்களை எழுதினேன்.

ரீஸ்டார்ட் செய்ததும் நீலத் திரை: ‘இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்’. இது எதிர்பார்த்ததுதான். என்விஎம்இ டிரைவர் விண்டோஸ் 10-இலேயே இருக்கிறது. ஆனால் பழைய வகை சாட்டா டிஸ்க்கிலேயே வாழ்ந்த விண்டோஸ், தனக்குத் தேவையில்லை என்று அதைப் பூட் நேரத்தில் எழுப்பாமல் விட்டிருக்கும். மறுபடி பென் டிரைவில் பூட் செய்து, பூட் அமைப்பை மாற்றும் பிசிடிஎடிட் கட்டளையில் சேஃப் மோடை அமைத்துவிட்டால் போதும். சேஃப் மோடில் அந்த டிரைவர் லோட் ஆகிவிடும், ஒருமுறை உள்ளே போய் அந்த சேஃப் மோட் அமைப்பை நீக்கிவிட்டால் பிறகு சாதாரணமாகவே பூட் ஆகும். இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் இமேஜே கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் நிறைய பேர்.

லேன் டிரைவரைப் பென் டிரைவில் தயாராக வைத்திருந்தேன். அது இல்லாமல் இன்டர்நெட் வராது, இன்டர்நெட் இல்லாமல் மற்ற டிரைவர்களும் வராது. மாமாவிடம் இருந்தது தனியாகக் காசு கொடுத்து வாங்கிய ரீடெய்ல் லைசென்ஸ் என்பதால் ஆக்டிவேஷன் டிரபிள்ஷூட்டரில் ஹார்டுவேர் மாற்றியதைச் சொன்னதும் ஆக்டிவேட் ஆனது. பழைய போர்டோடு கட்டுண்ட ஓஇஎம் லைசென்ஸாக இருந்திருந்தால் இது நடக்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், வேலை முடிந்ததும் நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டேன். பத்திரிகை அடிக்க நெட் எதற்கு?

பேஜ்மேக்கர் திறந்தது, ஃபான்ட் எல்லாம் சரி. பிரிண்டர் மட்டும் ‘காப்பி 1’ என்று இன்னொரு பெயரில் வந்து நின்றது. பழைய பெயரை நீக்கி, புதியதை டிஃபால்ட் ஆக்கிக் கொடுத்தேன்.