வில்லூன்றிய இடத்தில் நல்ல தண்ணீர்: ராமேஸ்வரம் கரையின் கதைகள்

ராமேஸ்வரம் போகிறவர்கள் தங்கச்சிமடம் பக்கம் திரும்பி வில்லூண்டித் தீர்த்தத்தை அவசியம் பார்க்க வேண்டும். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் நடைபாலத்தின் முடிவில் ஒரு கிணறு. சுற்றிலும் உப்புநீர், உள்ளே இறைத்தால் குடிக்கும்படியான தண்ணீர். சீதைக்குத் தாகமெடுக்க, ராமர் வில்லைக் கடலில் ஊன்றியதும் நல்ல நீர் பொங்கியது என்பது கதை. அம்பு எய்தார் என்று சொல்பவர்களும் உண்டு.

இந்தத் தீவு முழுக்க மணல். பெய்யும் மழை ஓடாமல் உள்ளே இறங்கிவிடும். கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 25 கிராம் கனம் கூடுதல் என்பதால், நல்ல நீர் அதன்மேல் மிதந்தபடியே கரையோரம் கசிந்து வெளியேறும். கிணற்றுச் சுவர் அலையைத் தடுக்கிறது. கசிவு உள்ளே தங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு, கடல் வற்றியிருக்கும் வேளையில் குடித்துப் பாருங்கள். கோடையில் லேசாகக் கரிக்கும்.

தனுஷ்கோடியில் இதே நீரைக் கையால் எடுக்கிறார்கள். மணல்மேட்டுக்கு நடுவே, புல் பசுமையாக நிற்கும் பள்ளத்தில் மூன்று நான்கு அடி தோண்டினால் ஊற்று சுரக்கும். ஈரம் கண்டதும் தோண்டுவதை நிறுத்திவிட வேண்டும். நீர் தெளியும்வரை பொறுத்து, கிண்ணத்தால் மெல்ல அள்ள வேண்டும். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினாலோ மோட்டார் வைத்து இழுத்தாலோ ஊற்று கெட்டது: நல்ல நீரின் மட்டம் ஓர் அடி இறங்கினால், கீழே உப்புநீர் ஏறத்தாழ 40 அடி மேலேறும் கணக்கு அது. உப்பேறிய ஊற்று தேற மழைக்காலம் வர வேண்டும். எங்கே நல்ல நீர் உண்டு என்பதைத் தலைமுறை தாண்டிக் கொண்டு சேர்த்தது வில்லூன்றிய கதைதான் என்பது என் உறுதியான எண்ணம்.

தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடியும் அரிச்சல்முனையில் ஒருபுறம் ஆண் கடல், மறுபுறம் பெண் கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா சீறும், வடக்கே பாக் விரிகுடா குளம்போல் கிடக்கும். இது தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரைக்கும் பொருந்துகிற பேச்சு. ஐப்பசிக்குமேல் வடக்கிலிருந்து வாடைக் காற்று எழுந்தால் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் தணியும். மீனவர்கள் இதைப் பார்த்துத்தான் கரை மாறித் தொழிலுக்குப் போகிறார்கள். ஆகவே அமைதியாகத் தெரிகிறதே என்று முனையில் எந்தப் பக்கமும் இறங்காதீர்கள், நீரோட்டம் இழுத்துவிடும்.

ராமர் சேதுப் பாலம் கட்டிய மிதக்கும் கல் என்று தொட்டிகளில் காட்டப்படுவது பெரும்பாலும் பவளப்பாறைத் துண்டு. உள்ளறைகளில் காற்று அடைபட்ட துண்டு மிதக்கும், மற்றது மூழ்கும். விலைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள், கரையில் கிடந்தாலும் எடுக்காதீர்கள். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்புக்குரிய முதல் அட்டவணையில் இருக்கிறது.

அணில் கதையைச் சொல்லாத வீடு இல்லை. மணல் சுமந்த அணிலை ராமர் மூன்று விரலால் தடவினார், கோடு விழுந்தது. தொண்டரடிப்பொடியாழ்வார் பாடிய ‘திருமாலை’ என்ற பாசுரத் தொகுப்பில் அந்த அணில் நீரில் குளித்து, மணலில் புரண்டு, கடலை அடைக்க ஓடுகிறது. முதுகுக் கோடு பற்றிப் பேச்சில்லை. கோட்டைச் சேர்த்தது பாட்டிமார்களாகத்தான் இருக்க வேண்டும். வட இந்தியாவில் பரவலாகத் திரிவது ஐந்து கோட்டு அணில். மூன்று விரல் கதை நம் பக்கத்து மூன்று கோட்டு அணிலைப் பார்த்துச் சொன்னது.