ஸ்ரீசைலம் போகிறவர்கள் அக்காவையும் பார்த்துவிட்டு வாருங்கள்

பெண்ணுக்கு வாய்த்த இடம் சரியில்லை என்றால் நம் வீடுகளில் முதலில் எடுப்பது ஜாதகக் கட்டு. அடுத்தது மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பது. "மல்லிகார்ஜுனா, எப்படியாவது ரெண்டு பேரையும் சேர்த்து வைப்பா" என்று வேண்டிக்கொண்டு ஆந்திரத்து ஸ்ரீசைலம் மலைச் சிவன் கோயிலுக்கு வருகிற அப்பா அம்மாக்கள் ஏராளம். சுவாமியைத் தொட்டுக் கும்பிட்டு, அம்பாள் பிரமராம்பாளுக்குக் குங்குமார்ச்சனை செய்து, லட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அரண்மனை வாழ்வை உதறிவிட்டு, இந்த மல்லிகார்ஜுனனே என் கணவன் என்று வந்த அக்கமகாதேவி என்ற ஒருத்தி தவம் இருந்த குகை அதே மலையில், கிருஷ்ணை நதிக் கரையிலேயே இருக்கிறது. படகில் போகவேண்டும் என்பதால் பாதிப்பேர் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் கலங்கிய மனசோடு வருகிற பெண்கள் போகவேண்டிய இடமே அதுதான்.

அக்கமகாதேவி 12-ஆம் நூற்றாண்டுக்காரர். கர்நாடகத்தில் இன்றைய சிவமொக்கா மாவட்டத்து உடுதடி அவர் ஊர். சின்ன வயதிலேயே மல்லிகார்ஜுனனிடம் மனதைக் கொடுத்தவர். அந்த நாட்டை ஆண்ட கௌசிகன் அவர் அழகைப் பார்த்துவிட்டான், விடவில்லை. பெற்றவர்களுக்கு ஆபத்து வரக்கூடாதே என்று மூன்று நிபந்தனை போட்டு மணந்தார் என்று ஒரு மரபு. மணக்கவே இல்லை என்று இன்னொரு மரபு. சிவபூஜைக்குத் தடை சொல்லக்கூடாது, அடியார்களோடு இருக்கத் தடை சொல்லக்கூடாது, குருவைச் சேவிக்கத் தடை சொல்லக்கூடாது என்பவை அந்த நிபந்தனைகள். மூன்றையும் அவன் மீறினான். கடைசியில் சேலையைப் பற்றி அவமானப்படுத்தியபோது, அந்தச் சேலையையும் அவனிடமே விட்டுவிட்டு, கூந்தலையே ஆடையாக்கி வெளியே நடந்துவிட்டார்.

அவர் அப்படியே கல்யாண நகரத்துக்கு (இன்றைய பசவகல்யாண்) போனார். பசவண்ணரும் அல்லமப் பிரபுவும் இருந்த, சிவனடியார்கள் கூடிப் பேசும் சபையான அனுபவ மண்டபத்திலும் உடனே வரவேற்பு கிடைக்கவில்லை. ஆடையை விட்ட நீ கூந்தலால் ஏன் மறைக்கிறாய் என்று அல்லமர் நிறுத்திக் கேட்டார். உள்ளே பழுக்காதவரை பழத்தின் தோல் தானாகக் கழலாது என்றும், பார்க்கிற உங்களுக்கு நோகுமே என்றுதான் மறைத்தேன் என்றும் சொன்னார் மகாதேவி. அந்தச் சபையே அவரை 'அக்கா' என்று அழைத்தது. புகுந்த இடத்தில் ஒருத்தி பட்ட அவமானத்தை அவள் குற்றமாகவே பேசும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. எண்ணூறு வருஷத்துக்கு முன் பெரியவர்கள் கூடிய சபை அவளுக்கு எழுந்து வழிவிட்டிருக்கிறது.

இதைத் துறவி கதை என்று மட்டும் நினைக்கவேண்டாம். இது காதல் கதை. நம் ஆண்டாள் போலவே அக்காவும் வண்டையும் குயிலையும் நிலவையும் கூப்பிட்டு, என் சென்னமல்லிகார்ஜுனனைக் கண்டீர்களா என்று கேட்டிருக்கிறார். அவனைத் தேடித்தான் நல்லமலைக் காட்டைத் தாண்டி இங்கே வந்தார்.

நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு வழி சொல்லிவிடுகிறேன். சென்னை–விஜயவாடா ரயிலில் ஓங்கோல் இறங்கி, மார்க்காபுரம், தோரணாலா வழியாகப் பஸ்ஸில் மலை ஏறுவது சுலபம். ஹைதராபாத் வழியாக வந்தால் மன்னனூர் காட்டுப் பாதை, சுமார் 215 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் புலிகள் காப்பகம். இரவு 9 மணிக்கு வனத்துறை கேட் மூடினால் காலை 6-க்குத்தான் திறப்பார்கள். மாலை ஆறரைக்குள் அடிவாரத்தைத் தாண்டுகிற மாதிரி கணக்குப் போட்டுக் கிளம்புங்கள். வழியில் டயர் பஞ்சர், சாப்பாடு என்று தாமதமாகி, குழந்தைகளோடு கேட்டில் ராத்திரி முழுக்கக் காரில் உட்கார்ந்திருக்கிற குடும்பங்களை எப்போதும் பார்க்கலாம்.

தங்கும் அறையை தேவஸ்தானத்தின் சொந்த இணையதளத்தில் மட்டும் பதியுங்கள். அதே பெயரில் போலித் தளங்கள் உண்டு. பணம் கட்டியபின் ரசீதைக் காட்டினால் அறையே இருக்காது. பஸ் ஸ்டாண்டிலேயே ஆள் வந்து தோளைத் தொட்டு "ஸ்பரிச தரிசனம் நான் பார்த்துக்கறேன்" என்பான். காசு கொடுத்தால் அவன் கொண்டுபோய் நிறுத்துவதும் அதே வரிசைதான். லிங்கத்தைத் தொட்டுக் கும்பிடும் இந்த ஸ்பரிச தரிசனத்துக்கு ஆண்கள் சட்டை இல்லாமல் வேட்டி, துண்டு. பெண்கள் புடவை அல்லது துப்பட்டாவோடு சுடிதார். பேண்ட் போட்டு வந்து, வாசலில் அவசரமாக வேட்டி வாங்கி விலையில் ஏமாறவேண்டாம். மகா சிவராத்திரி, யுகாதி, கார்த்திகை சோமவாரம் மாதிரி கூட்ட நாட்களில் தொட விடமாட்டார்கள், தூரத்து தரிசனம்தான். வேண்டுதல் தொட்டுக் கும்பிடுவதாக இருந்தால் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். கார்த்திகை மாதமென்று சொல்லும்போது அது அவர்கள் கணக்கு. தீபாவளி மறுநாளே தொடங்கிவிடும். தமிழ்க் காலண்டரைப் பார்த்துக் கிளம்பினால் நடுக்கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய திருப்பருப்பதம் இதுதான். சுவாமி தாழ்வாக இருக்கிறார். நன்றாகக் குனிந்து இரண்டு கையாலும் தொட்டு நெற்றியை வைக்கவேண்டும். சில நொடிதான் கிடைக்கும், பின்னாலிருந்து தள்ளுவார்கள். வேண்டுதலை வரிசையில் நிற்கும்போதே சொல்லி முடித்துவிட்டு, உள்ளே போனதும் தொடுவதை மட்டும் செய்யுங்கள். அங்கே போய் யோசிக்க ஆரம்பித்தால் கை வைக்கிற நேரமும் போய்விடும்.

குகைக்கு மறுநாள் காலையை ஒதுக்குங்கள். கோயிலிலிருந்து பாதாள கங்கைக்கு ரோப்வேயிலும் இறங்கலாம், படிகளிலும் இறங்கலாம். கீழே சுற்றுலாத் துறைப் படகுத் துறை. அரை மணி நேரம் அணையைச் சுற்றிக் காட்டுகிற படகும் அங்கேதான் நிற்கும். "அக்கமகாதேவி குகை" என்று தெளிவாகக் கேட்டு டிக்கெட் எடுங்கள். போதிய ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும். அணை நிரம்பியிருக்கிற செப்டம்பர் முதல் ஜனவரி வரைதான் நம்பிப் போகலாம். நீர்மட்டம் இறங்கிவிட்டால் படகு கரைவரை போகாது, பாறைச் சரிவில் கூடுதலாக ஏறவேண்டும். கோடையில் படகையே நிறுத்திவிடுவதும் உண்டு. அதனால் முதல் நாள் மாலையே துறையில் விசாரித்து வைப்பது நல்லது.

ஆற்றில் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு பக்கமும் செங்குத்தாகப் பாறை. இறங்கினால் படிகள், சுமார் 150. கடை கிடையாது, போன் சிக்னல் கிடையாது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் சாப்பாடு, தொப்பி. சாப்பாட்டைக் கையில் பிடித்தபடி நடக்காமல் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், குரங்கு பறித்துவிடும். டார்ச் கட்டாயம். செல்போன் வெளிச்சம் போதும் என்று நினைத்துப் போனால் ஒரு கை அதற்கே போய்விடும். உள்ளே இரண்டு கையும் பாறையைப் பிடிக்கத் தேவை. தலையில் மாட்டுகிற விளக்கு இருந்தால் மிகவும் நல்லது. முட்டிவலி உள்ளவர்கள் நிதானமாக ஏறிவிடலாம். ஆனால் மூச்சிரைப்பு உள்ளவர்களும், மூடிய இடத்தில் பயம் வருகிறவர்களும் உள்ளறைவரை போகவேண்டாம். குகை வாசலில் தூணே இல்லாமல் நிற்கும் பெரிய பாறை வளைவின் கீழ் உட்கார்ந்து ஜபம் செய்தாலே போதும்.

உள்ளே வழி போகப்போகக் குறுகும். நேராக நடந்து, பிறகு தோளைச் சாய்த்து, ஒரு கட்டத்தில் பக்கவாட்டில் நகரவேண்டும். புடவை கட்டிய பெண்கள் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள். பாறை முனையில் மாட்டினால் திரும்பி எடுக்க இடம் இல்லை. முன்னால் போனவர் வெளியே வந்தபிறகே அடுத்தவர் நுழையவேண்டும். பொறுமையில்லாமல் இரண்டு பேர் எதிரெதிராக மாட்டிக்கொள்வதுதான் அங்கே வழக்கமாக நடக்கும் தொல்லை.

அந்த இடுக்கின் முடிவில் சுயம்பு லிங்கம். அவ்வளவு நேரம் பின்னாலிருந்து கேட்ட பேச்சுச் சத்தம் அடங்கியிருக்கும். காற்று கனமாக, பாறை கைக்குச் சில்லென்று இருக்கும். டார்ச் வட்டத்துக்குள் அவர் மட்டும். மேலே கோயிலில் நாலு பேர் தள்ளத் தள்ளக் கும்பிட்ட அதே மல்லிகார்ஜுனன் இங்கே ஒருத்தருக்கு மட்டுமாக இருக்கிறார். மாமியார் பின்னால் நிற்க முடியாது, கணவன் பக்கத்தில் நிற்க முடியாது, பெற்ற தாய்கூட நிற்க முடியாது. 'என்ன வேண்டிக்கொண்டாய்' என்று முகத்தைப் பார்க்க ஆளில்லை. பிறந்ததிலிருந்து யாராவது ஒருவர் பேச்சைக் கேட்டே வளர்ந்த பெண் அந்த நிமிஷம் தன் வாயால் தன் ஆண்டவனிடம் தானே பேசலாம். அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். வந்தவர்கள் பலரும் அழுதிருக்கிறார்கள், அந்த இடம் அப்படி.

பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அடியும் வசவும் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிற மகளை அக்காவின் குகைக்குக் கூட்டிப்போய், 'அவனோடயே வாழ வை' என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த இடத்தில் அந்த வேண்டுதல் பொருந்தாது. என் பெண்ணுக்கு மனத் திடம் கொடு, அவள் மதிப்பு அவளுக்குத் தெரியட்டும், நாங்கள் ஊருக்குப் பயப்படாமல் இருக்க வழி காட்டு என்று கேளுங்கள். சேர்ந்து வாழ்வதா வேண்டாமா என்பதை அதன்பிறகு அவள் சொல்லட்டும்.

நேரமிருந்தால் சாட்சி கணபதி, ஹாடகேஸ்வரம், பாலதாரா பஞ்சதாரா எல்லாம் ஒரு ஆட்டோவில் அரை நாளில் முடியும். சிகரேஸ்வரத்தில் எள் வைத்து, நந்தி கொம்புக்கு நடுவே கோபுரம் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். அக்கா ஐக்கியமான கதலிவனம் இன்னும் உள்ளே. படகு முடிந்து காட்டில் ஏற்றம், நல்ல நடை உள்ளவர்களுக்கே சாத்தியம். வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது.

இறங்குவதற்கு முன் மறுபடி பிரமராம்பாள் சன்னதிக்கு வாருங்கள். கருவறைக்குப் பின்சுவரில் காதை வைத்தால் வண்டின் ரீங்காரம் கேட்கும் என்பார்கள். யுகாதிக்குக் கர்நாடகத்திலிருந்து நடந்தே வருகிற ஆயிரக்கணக்கான ஜனம் அம்பாளைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகவும் சுவாமியை மாப்பிள்ளையாகவும் நினைத்து, புடவையும் மஞ்சள் குங்குமமும் சீராகக் கொண்டுவருவார்கள். வெயிலில் கொப்புளம் போட்ட காலோடு, தலையில் அந்தப் புடவையைச் சுமந்துவருகிறார்கள். கட்டிக்கொடுத்த பெண்ணை அதோடு மறந்துவிடாமல் வருஷா வருஷம் தேடி வருகிற பிறந்த வீடு! தாயே, அந்த வீடு எங்கள் ஊர்ப் பெண்களுக்கும் கிடைக்கவேண்டும். சென்னமல்லிகார்ஜுனா, வழி தெரியாமல் வந்த எத்தனையோ பேருக்கு நீ வழிவிட்டிருக்கிறாய், உனக்குக் கோடி நமஸ்காரம். அக்கா தாயே, உன் காலடி பட்ட படியில் எங்கள் பெண்களும் ஏறக் கொடுத்து வைத்ததே, அது போதும் அம்மா.